என் பட்டப்பெயருக்குச் சொந்தக்காரர்

குத்துச்சண்டை பழகிய நாட்களில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அது நூறு வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த ஒரு வெள்ளைக்காரரின் பெயர். ஹெவிவெயிட் பிரிவில் உலக சாம்பியனாக இருந்தவர். அவர் காலத்தில் அத்தனை உயரமும் கனமும் உள்ள இன்னொருவரைக் குத்துச்சண்டை மேடையில் பார்த்ததில்லை என்று சொல்வார்கள். உலக சாம்பியனின் பெயரால் கூப்பிட்டால் பெருமையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் தூத்துக்குடியில் நாங்கள் பழகிய கூடத்தில் அந்தப் பெயர் ஒரு வசவு. அதனாலேயே அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

கூடம் என்று சொல்கிறேனே தவிர, அது துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருந்த பழைய உப்பு குடோன். எவ்வளவோ தடவை வெள்ளையடித்தும் சுவரைத் தொட்டால் விரலில் உப்பு ஒட்டும். மாஸ்டர் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை பார்த்தவர். ஷிஃப்ட் முடிந்து வந்து, முகத்தில் நிலக்கரித் தூளைக்கூடச் சரியாகக் கழுவாமல், எங்களுக்குக் குத்தச் சொல்லிக் கொடுப்பார். சுவரில் ஒரே ஒரு படம். ஏதோ பத்திரிகையிலிருந்து கிழித்து ஒட்டியது. நடுவில் அந்த ராட்சதர் கைகளைத் தொங்கவிட்டு நிற்பார். பக்கத்தில் நடுவர், அவர் நெஞ்சு உயரம்தான் இருப்பார். ராட்சதரின் முகத்தில், கல்யாண வீட்டில் தெரியாத ஆட்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டவரைப் போல ஒரு தவிப்பு.

“இவன மாதிரி நிக்காத” என்பார் மாஸ்டர். “ஒடம்பு இருந்தா போதுமா? இவன் மரம். சின்னப் பய ஒருத்தன் வந்து சாச்சிட்டுப் போயிட்டான்.”

அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. பத்தாம் வகுப்பிலேயே நான் என் அண்ணன்மார் இரண்டு பேரையும்விட உயரம். கடைக்கு வருகிறவர்கள் அப்பாவிடம், “அண்ணாச்சி, மூட்டை எறக்க ஆளே வேண்டாம் போலயே” என்பார்கள். அப்பா சிரிப்பார். நானும் சிரிப்பேன். அப்படிப்பட்டவள் கையுறை மாட்டிக்கொண்டு அந்தப் படத்துக்குக் கீழே நின்றால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? முதல் வாரத்திலேயே வைத்துவிட்டார்கள்.

எனக்குச் சமமான எடையில் மாவட்டத்தில் வேறு பெண் இல்லை. அதனால் புன்னைக்காயலிலிருந்து பஸ் ஏறி வரும் ஒருத்தியோடு என்னை மோதவிடுவார் மாஸ்டர். குள்ளம், கருப்பு, மின்னல் வேகம். கோவில் திருவிழா நாளில்கூடக் காலைப் பூசை முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அவளை அடித்து நான் ஜெயித்தால், “ஒடம்பு இருக்கு, ஜெயிச்சா” என்பார்கள். மாநிலப் போட்டியில் என் எடையில் வந்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மெடல் வாங்கி வந்தேன். ஆள் இல்லாத எடையில் வாங்கின மெடல் என்று அதற்கும் ஒரு பெயர் வந்தது. அது பொய் இல்லை. அதனால் எனக்குக் கோபமும் வரவில்லை. கொஞ்ச நாளில் வேலை, பிறகு கல்யாணம், பிள்ளைகள். கையுறை எந்தப் பரணுக்குப் போனது என்று தெரியாது.

இப்போது நான் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் இருக்கிறேன். கண்டெய்னர்களுக்கு கஸ்டம்ஸ் பேப்பர் தயார் செய்கிற வேலை. அந்தப் புன்னைக்காயல்காரி ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். டவுனுக்கு வந்தால் என் ஆபீசில் ஏறி, ஏ.சி. காற்றில் முகத்தைக் காட்டிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

சென்ற ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்படித்தான் வந்தாள். மாடியில் என் மேஜைக்குப் பக்கத்து ஜன்னலில் கடல் தெரியும். ஆடிக் காற்றில் மணல் பறந்து வானமும் தண்ணீரும் ஒரே நிறமாக, சிப்பியின் உள்பக்கம் மாதிரி மங்கி மினுங்கிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் பெர்த் கிடைக்காமல் வெளியே நங்கூரம் போட்டிருந்த கப்பல்கள் தண்ணீரைத் தொடாமல் ஒரு சாண் மேலே தொங்குவதைப் போல இருந்தன. வெக்கை நாட்களில் அப்படித் தெரியும். தெரிந்தாலும் கண் நம்பாது. ஆபீசில் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். எனக்குச் சாப்பிட்ட மயக்கம்.

“ஏளா, தூங்கிராத. ஒண்ணு காட்டுதேன்” என்று போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தாள்.

திரையில் அவர். என் பட்டப்பெயர்க்காரர்.

“இத எதுக்குளா காட்டுத? பழைய கருமம்” என்றேன். அந்தச் சண்டையை நான் முன்பே பார்த்திருந்தேன். குடோனில் பழகிய நாட்களில், ஒரு பிரவுசிங் சென்டரில் கூட்டமாகப் போய்ப் பார்த்தோம். பொம்மைக்குச் சாவி கொடுத்ததைப் போல அவர் துள்ளுவார், கைகள் காற்றாடி மாதிரி சுற்றும். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

“இது அது இல்ல. பாரு” என்றாள்.

அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றித்தான் படம் எடுத்தார்களாம். அதை இன்றைய வேகத்தில் ஓட்டினால் மனிதர்கள் தத்தித் துள்ளுவார்கள். எங்கேயோ யாரோ பொறுமையாக உட்கார்ந்து, அவர்கள் உண்மையில் நடமாடிய வேகத்துக்குப் படத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். நான் சிரித்த அதே சண்டை. ஆனால் இப்போது அதில் யாரும் துள்ளவில்லை.

சத்தம் இல்லை. நல்ல வெயில். தொப்பி வைத்த ஆண்கள் வரிசை வரிசையாக, கடைசியில் வெறும் புள்ளிகளாக மங்கிப்போகும்வரை உட்கார்ந்திருந்தார்கள். நடுவே அந்த வெள்ளை மேடை. அதில் அவர் தண்ணீருக்குள் நடப்பவரைப் போல நகர்ந்தார். இடது கையை நீட்டினார். அது அடி இல்லை. இருட்டறைக்குள் போகிறவர் சுவரைத் தேடுவதைப் போல, எதிராளியின் நெற்றிக்கு முன்னால் அதை வைத்தார். எதிராளி நல்ல வேகக்காரர். தலையைக் குனிந்து உள்ளே பாய்ந்தார். பாய்ந்த இடத்தில் ராட்சதர் இல்லை. பின்னங்காலை அரை அடி நகர்த்தியிருந்தார், அவ்வளவுதான். மறுபடியும் பாய்ச்சல். மறுபடியும் அந்த அரை அடி. அந்த மனிதர் வந்து வந்து காற்றில் விழுந்துகொண்டிருந்தார்.

“மொகத்தப் பாக்காதளா. காலப் பாரு” என்றாள் அவள்.

நான் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“யாரு கால்னு தெரியுதா?”

“அவரு கால்தான்.”

“ஒன் கால்” என்றாள்.

அவள் படத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். இப்படி உட்கார்ந்து அவள் என்னோடு பேசி நாளாகியிருந்தது.

“ஒன்கூட மோதும்போது எனக்கு எப்பிடி இருக்கும் தெரியுமா? ஆத்து மொகத்துல தண்ணி வத்தி கடலுக்கு இழுக்கும்போது கரையப் பாத்து நீந்துத மாதிரி இருக்கும். கரை இங்கனதான் இருக்கும். கையப் போட்டா தொட்டிரலாம்னு இருக்கும். எட்டாது. வீட்டுக்குப் போயி படுத்தா, கனவுலயும் எட்டாது.”

“இத்தன வருஷத்துல ஒரு நாளும் சொல்லலியே.”

“நான் தோத்துக்கிட்டுல்லா இருந்தேன். தோக்குதவ எதுக்குப் பாராட்டணும்?” என்று சிரித்தாள். பிறகு, “எல்லாரும் ஒன்னைய ஒடம்பு ஒடம்புன்னாங்க. எனக்கும் அது சௌகரியமா இருந்திச்சு. ஒடம்புகிட்ட தோத்தா அவமானம் இல்ல பாரு” என்றாள்.

அவள் போன பிறகு அந்தப் படத்தை நான் தனியாகப் பார்த்தேன். அன்று மட்டுமல்ல, அந்த வாரம் முழுவதும் மத்தியானங்களில் பார்த்தேன். படத்துக்குக் கீழே உலகத்தின் எங்கெங்கோ இருந்து ஆட்கள் எழுதியிருந்தார்கள். மரம், மூட்டை, சர்க்கஸ்காரன், இவனுக்கு ஒன்றும் தெரியாது, கை நீளம் இருந்தது அவ்வளவுதான். படிக்கப் படிக்க எனக்குப் பழகின வாசகங்கள். அந்த ஆட்களின் மொழி வேறு, குரல் என் குடோனில் கேட்டதுதான்.

அந்த அரை அடி எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்பா கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஓர் ஆள் நடக்கிற சந்துதான். ஒரு பக்கம் எண்ணெய் டின், இன்னொரு பக்கம் முட்டை அடுக்கு, தலைக்கு மேலே தொங்கும் ஷாம்பூச் சரம். அதற்குள் என்னை மாதிரி ஒருத்தி எதையும் தட்டாமல் நடமாட வேண்டும் என்றால், எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று முதுகுக்குத் தெரிய வேண்டும். பஸ்ஸில், வகுப்பில், கோவில் வரிசையில் எங்கும் யாரையும் இடிக்காமல் நிற்கவே பெரிய உடம்புக்காரர்கள் வாழ்க்கை முழுவதும் பழகுகிறோம். சின்ன உடம்புக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. அந்த ராட்சதரும் எந்த ஊரில், எந்தச் சந்தில் அப்படி நகர்ந்து பழகினாரோ. மேடையில் அவர் செய்தது அந்த வித்தைதான் என்று எனக்குப் பட்டது. எத்தனை பேர் பார்த்தும் அது வித்தையாகத் தெரியவில்லை. அவர் அளவுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் என் தோழி போனில், “மாஸ்டர்கிட்ட காட்டுவோமா?” என்றாள்.

மாஸ்டர் ரிட்டையர் ஆகி, உப்பளம் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போனேன். வழியில் மக்ரூன் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டோம். இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகளில் வானம் கிடந்தது. பாத்திக்குப் பாத்தி வேறு வேறு நிறம். ஒன்றில் ரோஸ், அடுத்ததில் வெறும் வெள்ளை. உப்புக் குவியல்கள் தூரத்தில் கூடாரம் போட்டுத் தூங்குகிற ஏதோ ஒரு படையைப் போல இருந்தன. காற்று எங்களைப் பக்கவாட்டில் தள்ளியது. அவள் என் முதுகில் ஒட்டிக்கொண்டு, “நீ இருக்கது நல்லதாப் போச்சு, இல்லன்னா பறந்திருவேன்” என்றாள்.

மாஸ்டர் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்துவிட்டார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

“ரெண்டு பேரும் சேந்து வாரிய. யாரு யார அடிச்சிய?”

“ஒங்களுக்கு ஒரு ஆளக் காட்ட வந்தோம் மாஸ்டர்” என்றாள் அவள்.

போனைக் கையில் வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். யார் என்று உடனே தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. சண்டை முழுவதையும் பார்த்தார். நடுவில் மகள் டீ கொண்டுவந்து வைத்ததைக் கவனிக்கவில்லை. அவருடைய வலது கால் செருப்புக்குள் லேசாக நகர்ந்தபடி இருந்தது.

“இவன் சண்ட போட்டு நான் இப்பத்தான் பாக்கேன்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. “அந்தப் படத்த நீங்கதானே மாஸ்டர் ஒட்டினிய?”

“படம்தான் ஒட்டினேன். ஏதோ ஒரு கப்பல்ல வந்தவன் குடுத்த புக்குல இருந்து கிழிச்சது. இவன் யாருன்னு கேட்டேன். மரம், சாஞ்சு போனான்னு கையால நடிச்சுக் காட்டினான். நானும் ஒங்களுக்கு அதத்தான் சொன்னேன்.” டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். “சினிமா மாதிரி போட்டுப் பாக்க அப்ப எங்க வசதி?”

ஒரு கப்பல்காரர், அவருக்குச் சொன்ன இன்னொருவர், அவருக்கும் முன்னால் எங்கோ ஒரு பத்திரிகைக்காரர். இப்படிக் கைமாறி வந்த ஒரு வார்த்தை எங்கள் உப்பு குடோன் வரைக்கும் வந்து என் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அந்தச் சாயங்கால வெளிச்சத்தில் அது யாருக்கோ நடந்ததைப் போல, ரொம்ப தூரத்தில் இருந்தது.

“இப்ப என்ன சொல்லுதிய மாஸ்டர்?” என்று அவள் விடவில்லை.

“காலு சுத்தம்” என்றார். “இவ்வளவு ஒடம்ப வச்சிக்கிட்டு இப்பிடி நவுருதது லேசு இல்ல. இடது கை நல்லாருக்கு. ஆனா நாடியத் தூக்கி வச்சிருக்கான் பாரு” என்று தன் முகவாயைத் தொட்டுக் காட்டினார். “ ஒசரமா இருக்கவன் எல்லாரும் செய்யுத தப்பு. என்னைய யாரு எட்டப் போறான்னு ஒரு நெனப்பு. அங்கனதான் வாங்கியிருப்பான்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீயும் தூக்குவ. அதுக்குத்தான் ஒன்னையத் திட்டுவேன். கால நான் குறை சொன்னது கெடையாது.”

“நல்லாருக்குன்னும் சொன்னது கெடையாது” என்றேன்.

என்னைப் பார்த்தார். “ஆமா” என்றார். “சொல்லல.”

டீயைக் குடித்து முடித்ததும் கையைத் தட்டினார். அந்தக் கைத்தட்டல் எங்கள் இரண்டு பேரையும் நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டது.

“அங்கன நில்லுங்க. ரெண்டு பேரும். அவன் செஞ்சத செஞ்சு காட்டுங்க பாப்போம்.”

வீட்டுக்கு முன்னால் உப்பு படிந்து இறுகிய தரை. நான் சுடிதார், அவள் சேலை. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு செருப்பைக் கழற்றினாள். கையுறை இல்லை. விரல்களை மடக்கி உயர்த்தினோம். எனக்கு மூட்டுவலி உண்டு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். என்ன ஆகப்போகிறது என்று கூச்சத்தோடு இடது கையை அவள் நெற்றிக்கு முன்னால் வைத்தேன். அவள் பாய்ந்தாள். என்னைக் கேட்காமலே பின்னங்கால் நகர்ந்தது.

அந்த அரை அடியில் என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் கை என் வயிற்றுக்கு முன்னால் காற்றில் நின்றது. அவள் கண் விரிந்தது. காற்று நின்றுவிட்டதைப் போல, பாத்திகளில் கிடந்த வானம் தரையெல்லாம் பரவி, நாங்கள் எடையே இல்லாமல் அதன் மேல் நிற்பதைப் போல இருந்தது. மறுபடியும் வந்தாள். மறுபடியும் நகர்ந்தேன். வலது பக்கம் வந்தாள், அங்கேயும் நான் இல்லை. இரண்டு பேரும் சிரிக்கவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. மாஸ்டரின் மகள் வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாடி, நாடி” என்றார் மாஸ்டர்.

நான் குனிவதற்குள் அவள் உள்ளே வந்துவிட்டாள். என் விலாவில் ஒரு குத்து. மெதுவாகத்தான், ஆனால் சரியான இடத்தில். அப்படியே என்மேல் சாய்ந்துகொண்டாள். அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தபோது அழுதிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, “தெரியலளா. எட்டிட்டேன்லா” என்றாள்.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் புன்னைக்காயலுக்குப் போகிறேன். பூசை முடிந்ததும் ஆற்று முகத்துக்குப் பக்கத்தில், வலை உலர்த்தும் மணலில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நகர்ந்து பழகுகிறோம். வீட்டில் என் கணவர், “இந்த வயசுல எதுக்கு?” என்றார். பிறகு என் மூட்டுவலி குறைந்ததைப் பார்த்து ஒன்றும் சொல்வதில்லை.

அப்படிப் போன ஒரு நாள்தான் ராட்சதரின் கடைசிப் பெரிய சண்டையைப் பார்த்தேன். அவர் பட்டத்தை இழந்த சண்டை. அவரை மரம் என்று பேச வைத்த சண்டை. அதையும் யாரோ சரியான வேகத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அவள் முன்பே பார்த்துவிட்டாள். “வேண்டாம்ளா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான் போடச் சொன்னேன். கரையில் இழுத்துப் போட்ட ஒரு வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்தோம்.

எதிராளி சின்னவர், இளையவர், பயங்கரமான வேகம். ராட்சதர் இடது கையை நீட்டினார், பின்னங்காலை நகர்த்தினார். இந்தத் தடவை பின்னால் கயிறு இருந்தது. நகர இடமில்லை. மாஸ்டர் சொன்ன அதே இடத்தில் அடி விழுந்தது. விழுந்தார். அவ்வளவு பெரிய உடம்பு சத்தமே இல்லாமல் விழுவது பார்க்க ஏதோ கனவு மாதிரி இருந்தது. எழுந்தார். மறுபடியும் அடி. மறுபடியும் எழுந்தார். முகம் ஒரு பக்கம் வீங்கி வேறு ஆளாகிவிட்டார். நான் போனை அணைக்கப் போனேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இம்புட்டு பாத்தாச்சு. முடியவர பாத்திரு.”

எல்லாம் முடிந்து கூட்டம் மேடையில் ஏறியது. தொப்பிகளுக்கு நடுவே ராட்சதர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஜெயித்தவரைத் தோளில் தூக்கியிருந்தார்கள். அவர்களைப் படம் பிடிக்கப் போன கேமரா, என்ன காரணமோ, கொஞ்ச நேரம் இவர் பக்கமே நின்றுவிட்டது. இவர் கயிற்றைப் பிடித்து மெல்ல எழுந்தார். நேராக நிற்க முடியவில்லை. உதவிக்கு வந்தவர்களை விலக்கிவிட்டு, கூட்டத்துக்குள் நடந்தார். இடித்துக்கொண்டு போகவில்லை. முன்னால் நிற்கிற ஒவ்வொருவரின் தோளையும் தொட்டு, அவர் திரும்பி வழிவிடும்வரை நின்று, பிறகு அடுத்தவரைத் தொட்டு, அப்படியே அந்த இளைஞரிடம் போய்ச் சேர்ந்தார். கையை நீட்டினார். தோள்மேல் இருந்த இளைஞர் கீழே பார்த்து அதைப் பற்றிக்கொண்டார். ஏதோ பேசினார்கள். என்ன என்று யாருக்கும் தெரியாது. படம் அதோடு வெளுத்து முடிந்துவிட்டது.

நாங்கள் இரண்டு பேரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் கடலுக்குள் போகிறதா, கடல் உள்ளே வருகிறதா என்று தெரியாத நேரம் அது.

“இத ஏன் யாரும் சொல்லல?” என்றேன்.

“சண்ட முடிஞ்ச பெறவு யாரு பாக்கா?” என்றாள்.

அவள் வீட்டில் மீன் குழம்பு ஆறிக்கொண்டிருக்கிறது என்று அவள் அம்மா ஆள் அனுப்பிவிட்டார். எழுந்து மணலைத் தட்டினோம். “இரு, அவரு நடந்து போற எடத்த மட்டும் இன்னொரு தடவ போடு” என்றேன். நின்றபடியே பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனோம்.